கை எட்டும் தூரத்தில் ஒரு கயிறு

நகோயா நிலையத்திலிருந்து மெய்தெட்சு ரயிலில் அடுத்த நிறுத்தம் சாக்கோ. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் நீளநீளமான செங்கல் கட்டடங்கள் வருகின்றன. 1911-ல் சாக்கிச்சி டொயோடா தன் நெசவு ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய ஆலை இது. பழைய சுவர்களை இடிக்காமல் காப்பாற்றி, 1994-ல் டொயோட்டா தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகமாக்கித் திறந்திருக்கிறார்கள். கார் பார்க்கும் ஆசையில் உள்ளே வருகிறவர் பஞ்சையும் நூலையும் தறிகளையும் கடந்துதான் காருக்குப் போக முடியும்.

எனக்கு அந்தத் தறிகளே போதும் என்று இருந்தது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். பிறகு கோவையிலும் சென்னைப் புறநகரிலும் ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளர் நிலைமை குறித்து எழுதிவருகிறேன். கடந்த சில வருடங்களாக எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் சுவரில் ‘லீன்’ (வீணைக் குறைக்கும் உற்பத்தி), ‘கைசன்’ (தொடர் மேம்பாடு), ‘5எஸ்’ (பணியிட ஒழுங்கு) என்று ஜப்பானிய ஆலைகளிலிருந்து, முக்கியமாக டொயோட்டாவிலிருந்து வந்த பாடங்கள் பலகையாகத் தொங்குகின்றன. பலகைக்குக் கீழே நிற்பவர்களைத் தனியாகக் கேட்டால், பத்துப் பேர் பார்த்த வேலையை ஏழு பேர் பார்க்கிறோம் என்பார்கள். லீன் என்றால் உண்மையில் இதுதானா, அல்லது நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோமா என்ற கேள்விதான் என்னை ஜப்பானுக்குக் கூட்டிவந்தது.

சாக்கிச்சி 1867-ல், இன்றைய ஷிசுவோக்கா மாகாணத்தின் கோசாயில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். ஊரில் வீட்டுக்கு வீடு கைத்தறி. அவருடைய தாயாரும் நெய்தவர். 1890-ல் அவர் உருவாக்கிய மரத்தறிக்கு மறுவருடம் காப்புரிமை கிடைத்தது. அதுவரை நெய்பவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது: ஒரு கை நாடாவைத் தள்ள, மறு கை ஊடையை அடிக்க. சாக்கிச்சியின் தறியில் ஒரே கையால் சட்டத்தை முன்னும் பின்னும் அசைத்தால் நாடா தானே குறுக்கே ஓடிவிடும். அருங்காட்சியகத்தில் ஓர் ஊழியர் அதை நெய்து காட்டினார். அவருடைய இடது கை மடியில் சும்மா கிடந்தது. உலகமே படிக்கும் ஓர் உற்பத்தி முறையின் முதல் படி, உழைப்பவரின் ஒரு கைக்கு ஓய்வு கொடுத்ததுதான்.

அடுத்த கூடத்தில் 1924-ன் ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி. ஊழியர் அதை ஓடவிட்டு, பாவிலிருந்து ஓர் இழையை மட்டும் அறுத்தார். அந்த இழையில் தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய உலோகத் தகடு பொத்தென்று கீழே விழுந்தது, தறி நின்றுவிட்டது. ஒவ்வொரு பாவு இழைக்கும் இப்படி ஒரு தகடு இருக்கிறது. இழை இறுக்கமாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்தால் தகடு விழும், விழுந்த தகடு தறியைத் தடுக்கும். மின்சாரமும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

இதற்கு முன்பு தறிப் பக்கத்தில் ஒருவர் கண் கொட்டாமல் நின்றாக வேண்டும். ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காவிட்டால் முழத்துக்கு முழம் துணி பாழ், கூலியில் பிடித்தம். தறி தானே நிற்கக் கற்ற பிறகு, நின்ற இடத்துக்குப் போய் முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிடுவது மட்டும் நெய்பவரின் வேலையாயிற்று. அதே சமயம், ஒருவரே முப்பதுக்கும் மேற்பட்ட தறிகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதும் இந்தத் தறியின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. காவல் வேலையிலிருந்து மனிதரை விடுவிக்கலாம். விடுபட்டவர் தலையிலேயே முப்பது தறிகளையும் கட்டலாம். இரண்டுக்கும் இந்தத் தகடே வழி திறந்தது. லீன் பற்றிய எல்லா வாதமும் இந்த இடத்திலிருந்து கிளைவிடுகிறது என்று நினைக்கிறேன். 1929-ல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. சாக்கிச்சியின் மகன் கீச்சிரோ அடுத்து கார் பக்கம் திரும்பினார்; டொயோட்டா கார் கம்பெனி அப்படித்தான் பிறந்தது.

டொயோட்டா நகரம்

நகோயாவிலிருந்து ஒகசாக்கி வரை ஜே.ஆர். ரயில், அங்கிருந்து ஐச்சி வட்டப்பாதை ரயில். மிகாவா-டொயோட்டா நிலையத்தில் இறங்கி நடந்தால் கம்பெனியின் தலைமையகமும், அதை ஒட்டிய ‘கைகான்’ காட்சிக்கூடமும் வருகின்றன. ஊரின் பழைய பெயர் கொரோமோ. பட்டுத் தொழிலால் வாழ்ந்து, அது நொடித்ததும் வேறு பிழைப்புத் தேடிய ஊர். 1938-ல் கார் ஆலை வந்தது. 1959-ல் நகரமே கம்பெனியின் பெயரை ஏற்றுக்கொண்டது.

நகரத்தின் பளபளப்பைப் பார்க்கிறவர்களுக்கு 1950 நினைவில் இருக்க வேண்டும். போருக்குப் பிந்தைய நெருக்கடியில் டொயோட்டா திவாலின் விளிம்புக்குப் போனது. ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முடிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பொறுப்பேற்று கீச்சிரோவும் தலைவர் பதவியை விட்டு விலகினார். அதன் பிறகு கண்டபடி ஆள் எடுக்கவும் கம்பெனிக்குத் துணிவில்லை, இருப்பவர்களை இழக்கவும் வழியில்லை. டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர், இன்று டொயோட்டா உற்பத்தி முறை என்று நாம் சொல்வதை எஞ்சின் கடைசல் பிரிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியெழுப்பியது இந்தச் சூழலில்தான். 1951-ல் தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கியது. லைனில் நிற்பவரின் மூளைக்கும் அங்கே வேலை உண்டு என்பதைக் கம்பெனி ஒப்புக்கொண்ட வருடம் அது.

ஆலையைப் பார்க்க முன்பதிவு செய்ய வேண்டும். கைகானிலிருந்து பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள். கேமராவுக்கு அனுமதி இல்லை. எங்கள் குழு போனது 1959-ல் திறந்த மோட்டோமாச்சி ஆலைக்கு. அசெம்பிளி லைனுக்கு மேலே பார்வையாளருக்கென்று ஒரு நடைபாலம். அங்கிருந்து பார்த்தால் கீழே கார்கள் ஒரு மனிதர் மெதுவாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவான வேகத்தில் நகர்கின்றன. கதவுகளைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், கதவு இருந்தால் ஒவ்வொருவரும் ஒதுங்கி, வளைந்து, நுழைய வேண்டியிருக்கும். கழற்றிய கதவுகள் தனி லைனில் போய் வேலை முடிந்து, அதே காரைக் கடைசியில் வந்து சேர்கின்றன. ஒரு காருக்கு வேண்டிய சாமான்கள் ஒரு பெட்டியில் சேர்க்கப்பட்டு, காரோடு கூடவே வருகின்றன. எந்த ஸ்குரு, எந்த பிராக்கெட் என்று அலமாரிக்கும் காருக்கும் நடந்து தேட வேண்டியதில்லை.

லைன் நெடுகத் தொழிலாளியின் கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் எஞ்சின் பக்கம் ஒரு ரப்பர் குழாய்க்கு கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். கிளிப் சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு தலையைக்கூடத் தூக்காமல் கையை மட்டும் மேலே நீட்டிக் கயிற்றை இழுத்தார். மேலே பலகையில் அவருடைய இடத்தின் எண் மஞ்சளாக எரிந்தது. ஒரு சிறு இசைத்துணுக்கு ஒலித்தது. குழுத் தலைவர் வந்துவிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தலைவர் ஒரு கையால் குழாயைப் பிடிக்க, இளைஞர் கிளிப்பை மாட்டினார். தலைவர் கயிற்றை இழுத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார். யாரும் யாரையும் முறைக்கவில்லை. பக்கத்து ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கயிற்றை இழுத்தவுடன் லைன் நிற்பதில்லை. ஒவ்வொரு பணியிடத்துக்கும் எல்லைக்கோடு உண்டு. கார் அந்தக் கோட்டை எட்டும்வரை அவகாசம். அதற்குள் சரிசெய்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால் கோட்டில் நிற்கும், விளக்கு சிவப்பாகும். ஆகவே உதவி கேட்பது வேறு, லைனை நிறுத்துவது வேறு. உதவி கேட்க யோசிக்கவே வேண்டாம் என்று அமைப்பே சொல்லிவிடுகிறது.

ஆனால் கயிறு மட்டும் இருந்து பயனில்லை. இழுத்தால் சில விநாடிகளில் வந்து நிற்க ஒருவர் வேண்டும். டொயோட்டா லைனில் ஒரு சிறு குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் எந்த இடத்திலும் கட்டிப்போடப்படாமல் இருப்பதால்தான் ஓடி வர முடிகிறது. அவர்தான் விடுப்பு எடுத்தவருடைய இடத்தில் நிற்பார், புதியவருக்குக் கற்றுக்கொடுப்பார், அவசரத்துக்குக் கழிப்பறை போகிறவருக்கு மாற்றாவார். நம் ஊரில் லீன் என்ற பெயரில் கணக்கெடுக்க வருகிற ஆலோசகர் கண்ணில் முதலில் படுவது இந்த ‘சும்மா நிற்கிற ஆள்’தான். முதல் வெட்டும் அவர்மேல் விழுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆயத்த ஆடைக் கூடத்தில், நூறு பேருக்கு இரண்டே டோக்கன். அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். அந்தக் கூடத்தின் சுவரிலும் லீன் என்றுதான் எழுதியிருந்தது.

நடைபாலத்தின் இன்னொரு பக்கத்தில் ஓர் இருக்கையைப் பார்த்தேன். நீண்ட கையில் பொருத்திய நாற்காலி அது. ‘ராக்கு-ராக்கு’ இருக்கை என்பது பெயர். தொழிலாளி அதில் உட்கார்ந்தபடியே காருக்குள் நகர்ந்து, உட்புற வேலையை முடித்து, உட்கார்ந்தபடியே வெளியே வருகிறார். முன்பு இதே வேலைக்கு உடம்பை மடக்கி உள்ளே நுழைந்து, குத்துக்காலிட்டு, முறுக்கி வெளியே வர வேண்டும். அதையும் ஒரு ஷிஃப்ட்டில் நூற்றுக்கணக்கான தடவை. 1994-ல் இங்கே ராவ்4 கார் லைனை அமைத்தபோது இந்த இருக்கை வந்தது. அதே காலகட்டத்தில் ஒவ்வொரு பணிக்கும் உடல் நிலை, தூக்கும் எடை, பிடித்திருக்கும் நேரம் மூன்றையும் சேர்த்து ஒரு சுமை எண் கணக்கிடும் முறையையும் டொயோட்டா பொறியாளர்கள் உருவாக்கினார்கள். எந்த இடம் ஆளை அதிகம் வருத்துகிறதோ அதை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். முதுகுவலியை அதுவரை யாரும் கணக்கில் எழுதியதில்லை. எழுதிய பிறகு அதை மறைக்க முடியாது.

ஓனோ காலத்திலிருந்தே டொயோட்டா மூன்று பகைவர்களைப் பட்டியலிடும்: வீண், ஏற்றத்தாழ்வு, மிகைச்சுமை. உலகம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. 1977-ல் டொயோட்டாக்காரர்கள் நால்வர் தங்கள் முறையை முதன்முதலாக ஆங்கில ஆய்விதழில் விளக்கியபோது, வேண்டிய நேரத்தில் வேண்டிய சாமான் என்பதையும் மனிதரை மதிப்பதையும் சம தூண்களாகத் தலைப்பிலேயே வைத்தார்கள். 1988-ல் ஜான் கிராஃப்சிக் அமெரிக்க மேலாண்மை இதழ் ஒன்றில் ‘லீன்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். 1990-ல் வந்த ஒரு புத்தகம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அந்தப் பயணத்தில் இரண்டாவது தூணைப் பலரும் வழியிலேயே இறக்கிவிட்டார்கள்.

அதே நகரத்தின் மறுபக்கம்

டொயோட்டாவை வெறுமனே புகழ்ந்து எழுதினால் அந்த லைனில் நின்றவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். 1972-ல் சதோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர் இங்கே பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து சில மாதம் வேலை பார்த்தார். மூச்சுவிட நேரமில்லாத லைன் வேகம், விடுதி வாழ்க்கை, விபத்துகள், கேட்காமல் நீளும் ஓவர்டைம் என்று அவர் 1973-ல் வெளியிட்ட புத்தகம் ஜப்பானை உலுக்கியது. கயிறும் விளக்கும் அப்போதும் இருந்தன. அவை மட்டும் ஆளைக் காப்பாற்றிவிடவில்லை.

2002-ல் சுத்சுமி ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவர், அதிகாலை நேரத்தில் ஆலைக்குள்ளேயே சரிந்து விழுந்து இறந்தார். வேலைப்பளுவால் வந்த சாவு என்று தொழிலாளர் அலுவலகம் ஏற்க மறுத்தது. அவருடைய மனைவி வழக்குப் போட்டார். தரத்தை மேம்படுத்தத் தொழிலாளர் குழுவாகக் கூடிப் பேசும் தரவட்டக் கூட்டங்களும் யோசனை எழுதும் வேலையும் தொழிலாளி தானாக விரும்பிச் செய்பவை, வேலை நேரத்தில் சேராது என்பது அலுவலகத்தின் வாதம். 2007 நவம்பரில் நகோயா மாவட்ட நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அவையும் வேலையே என்றும், கடைசி மாதத்தில் அவர் 106 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக உழைத்திருக்கிறார் என்றும் தீர்ப்பளித்தது. மறுவருடம் டொயோட்டா தரவட்ட நேரத்துக்கு முழுமையாகக் கூலி கொடுக்க முன்வந்தது. தொழிலாளியின் யோசனையை மதிக்கிறோம் என்று சொன்னால் போதாது. யோசிக்கிற நேரத்துக்கும் கூலி தர வேண்டும். இதைச் சொல்ல ஒரு பெண் ஐந்து வருடத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

மாற்றங்கள் எப்படி வந்தன என்பதிலும் ஒளிவுமறைவு வேண்டாம். 1980-களின் இறுதியில் ஜப்பானில் பணம் புரண்டது. கடினமான, அழுக்கான, ஆபத்தான வேலை என்று இளைஞர்கள் ஆலைப் பக்கமே வர மறுத்தார்கள், சேர்ந்தவர்களும் நிலைக்கவில்லை. 1990-ல் நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து, ஆலை வேலையை ஆட்கள் விரும்பும்படி மாற்றுவது எப்படி என்று ஆராயக் குழு அமைத்தன. ராக்கு-ராக்கு இருக்கையும் சுமை எண்ணும் அந்த நெருக்கடியின் பிள்ளைகள். 1995-ல் விடியவிடிய ஓடும் ஷிஃப்ட் முறையைக் கைவிட்டு, காலையில் தொடங்கும் ஒரு ஷிஃப்ட், நள்ளிரவு ஒரு மணியோடு முடியும் இன்னொரு ஷிஃப்ட் என்று ஆக்கினார்கள். தொழிலாளி வேண்டாம் என்று சொல்ல முடிந்தபோது ஆலை தன் உடம்பை மாற்றிக்கொண்டது.

தகாவா

ஆள் கிடைக்காத அந்தக் காலத்தில் டொயோட்டா புதிதாகக் கட்டிய ஆலை ஒன்று கியூஷு தீவில் இருக்கிறது. நகோயாவிலிருந்து ஹக்காட்டாவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆலைக்குப் போகும் முன் தகாவாவுக்குப் போனேன். இந்த வட்டாரத்துக்கு சிக்குஹோ என்று பெயர். ஒரு காலத்தில் ஜப்பானின் நிலக்கரியில் பெரும்பங்கு இங்கிருந்து போனது. 1976-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. தகாவாவில் 1908-ல் கட்டிய இரட்டைப் புகைபோக்கிகள், 45 மீட்டர் உயரத்தில், இன்னும் நிற்கின்றன. பக்கத்திலேயே நிலக்கரி அருங்காட்சியகம்.

அங்கே சகுபெய் யமமோட்டோவின் ஓவியங்கள் இருக்கின்றன. சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் போனவர் அவர். வாழ்நாள் முழுக்க உழைத்து, அறுபது தாண்டிய பிறகு, தான் கண்ட வேலையை நினைவிலிருந்து வரையத் தொடங்கினார். 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஜப்பானிலிருந்து முதலில் இடம்பெற்றவை இந்த ஓவியங்கள்தான். ஒரு படத்தில், நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாத படுகையில் ஆண் பக்கவாட்டில் படுத்தபடி குந்தாலியால் வெட்டுகிறார். அவருக்குப் பின்னால் பெண், தோளில் கயிறு போட்டு, கைகளும் முழங்காலும் தரையில் ஊன்ற, கரி நிரம்பிய சறுக்குப் பெட்டியை இழுத்துப் போகிறார். பெரும்பாலும் கணவன் மனைவியாகவே இறங்கினார்களாம். படத்தின் ஓரத்தில் படுகையின் உயரம், கருவியின் பெயர், கூலி என்று யமமோட்டோ சிறு எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். கரி எங்கே இருக்கிறதோ அங்கே போக மனித உடம்பு தன்னை மடித்துக்கொண்டது. பணியிடம் உடம்புக்கு ஏற்ப அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நான் பார்த்ததில்லை.

மியாவாக்கா

அதே நிலக்கரி வட்டாரத்தில்தான் மியாட்டா என்ற ஊர் இருந்தது. 2006-ல் பக்கத்து ஊரோடு சேர்ந்து மியாவாக்கா நகரமானது. சுரங்கம் போனது, ரயில் பாதையும் 1989-ல் போனது. 1992 டிசம்பரில் டொயோட்டா கியூஷு ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. இப்போது லெக்ஸஸ் கார்கள் தயாராகின்றன. பார்வையாளர் பாதையில் போகும்போதே ஒரு வித்தியாசம் தெரிகிறது: கார்கள் வேலைக்கேற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் போகின்றன. அடிப்பாகத்தில் வேலை என்றால் கார் ஏறுகிறது, மேல்பாகத்தில் வேலை என்றால் இறங்குகிறது. குனிவதும் எம்புவதும் மனிதரிடமிருந்து காருக்கு மாறியிருக்கின்றன.

இந்த ஆலையின் பெரிய மாற்றம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. டொயோட்டா முறையை நெடுங்காலம் ஆராய்ந்த தகாஹிரோ புஜிமோட்டோவின் எழுத்தைப் படித்துவிட்டுப் போனதால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவரையான ஆலைகளில் அசெம்பிளி லைன் ஒரே நீளம். ஓர் இடத்தில் நின்றால் எல்லாம் நிற்கும். இடையில் கார்களைத் தேக்கி வைப்பது வீண் என்பது ஓனோ காலத்துப் பாடம். 1992-ல் இங்கே லைனைப் பதினொரு துண்டுகளாக வெட்டினார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நாலைந்து கார்கள் நிற்க இடம் விட்டார்கள். ஒரு துண்டில் யாராவது கயிற்றை இழுத்து நிறுத்தினால், அடுத்த துண்டு இடையில் நிற்கும் கார்களை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

இதன் பலன் மனதில் நடக்கிறது. முழு ஆலையையும் நிறுத்திவிடுவோமோ என்ற பயம் இருக்கும்வரை, புதிதாகச் சேர்ந்தவர் கயிற்றைத் தொடத் தயங்குவார். தன் துண்டு மட்டும் நிற்கும் என்றால் தயக்கம் குறைகிறது, பழுது அங்கேயே பிடிபடுகிறது. இன்னொன்று: ஒவ்வொரு துண்டுக்கும் தொடர்புள்ள வேலைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வயரிங் என்றால் வயரிங், குழாய் என்றால் குழாய். முன்பு ஒருவர் விளக்குக்கு ஒரு போல்ட், மிதியடிக்கு ஒரு கிளிப் என்று சம்பந்தமில்லாமல் மாட்டிக்கொண்டிருப்பார். இப்போது தன் குழு எதை முடித்துக் கொடுக்கிறது என்று அவருக்கே தெரியும். சரியாக இருக்கிறதா என்று அங்கேயே சோதிக்கவும் முடியும்.

ஸ்வீடனில் வோல்வோ இதைவிடத் துணிந்தது. 1974-ல் கால்மரில் ஓடும் லைனை ஒழித்தது. 1989-ல் திறந்த உத்தேவல்லாவில் சிறு குழுக்கள் நிற்கும் காரைச் சுற்றி நின்று முழுக் காரையும் கட்டின. விற்பனைச் சரிவில் 1993-ல் உத்தேவல்லாவும் அடுத்த வருடம் கால்மரும் மூடப்பட்டன. மனிதருக்காக ஆலை கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று அப்போது பலர் எழுதினார்கள். மியாட்டா ஆலை அவர்களுக்குப் பதில். லைனை விடாமல், கணக்கை விடாமல், வீண் என்று தன் முன்னோர்கள் சொன்ன ஐந்து கார் இடத்தை மனிதருக்காக ஒதுக்கிய ஆலை, முப்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது. அந்த இடம் வீணில்லை. பயமில்லாமல் வேலை பார்க்க ஓர் ஆலை கொடுக்கும் விலை அது.

நம் பக்கம்

இந்தப் பாடங்கள் நமக்குப் புதிதல்ல. தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது சென்னைப் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, வருடம் 1998. ஜப்பானிய ஆசிரியர்களிடம் நேரடியாகக் கற்ற தலைமுறை நம் ஆலைகளில் இருந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வழியெங்கும் புதிய ஷெட்கள் எழுகின்றன. செல்போனும் பேட்டரியும் செருப்பும் செய்ய ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வருகிறார்கள். மேசை உயரம், விளக்கின் கோணம், கழிப்பறை தூரம், விடுதிப் பஸ் கிளம்பும் நேரம் என எல்லாமே அவர்கள் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. கான்கிரீட் இறுகிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கும் அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021-ல் சட்டமாக்கியது. சட்டம் நாற்காலி போடச் சொல்லும். நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை நடக்கும்படி லைனை அமைப்பது பொறியாளர் கையில் இருக்கிறது. அந்த வேலைக்கு லீன் எதிரியல்ல. தேவையற்ற நடை, தேவையற்ற குனிவு, தேவையற்ற தேடல் ஆகியவற்றைக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளிக்கே திருப்பிக் கொடுத்தால் அது லீன். மிச்சமானதை எல்லாம் எடுத்துக்கொண்டு அதன்மேல் இலக்கையும் ஏற்றினால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது பழைய கசக்கிப் பிழிதல்தான்.

ஆலை கட்டுகிறவர்களிடமும் அதை வரைகிற இளம் பொறியாளர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், அதே வேலையைப் பல வருடம் பார்த்த ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, உட்காரவைத்துக் கேளுங்கள்: இந்த இடத்தில் எட்டு மணி நேரம் நிற்பீர்களா, எங்கே வலிக்கும், உதவி கேட்டால் யார் வர வேண்டும்? அவர் சொல்வதை வரைந்த பிறகு கான்கிரீட் போடுங்கள்.